எக்ஸ் ஒட்டாத ஒரு பெயர்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு கட்டுரை. நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆண்டு மலருக்கு ‘எக்ஸ்’ என்ற ஆங்கில முன்னொட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். கையால் எழுதியதைத் தட்டச்சு செய்ய, கொட்டாரம் ஊரில் பகவதி நடத்தும் டி.டி.பி. கடைக்குப் போனேன். கட்டுரை மலரில் வராது. அதில் சுவையே இல்லை என்று ஆசிரியர் குழு சொல்லிவிட்டது. சரிதான்.

2

கட்டுரையில் இருந்தது இவ்வளவுதான். லத்தீனில் எக்ஸ் என்றால் ‘வெளியே’, ‘உள்ளிருந்து’. எக்ஸிட், எக்ஸ்போர்ட் எல்லாம் அந்த வழி. எக்ஸ்பயர் என்றால் மூச்சை வெளியே விடுவது. மருந்துக் கடைக்காரருக்கு இது தெரிய வேண்டியதில்லை. பிறகு, பதவியிலிருந்து வெளியே வந்தவருக்கும் அதையே முன்னால் ஒட்டினார்கள். நம் மாவட்டம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கல்யாண அழைப்பிதழில் தாய்மாமன் எக்ஸ் மிலிட்டரி, சித்தப்பா எக்ஸ் கவுன்சிலர்*. ஒரு தடவை கிடைத்ததை இங்கே யாரும் விடுவதில்லை.

* சுயம்புலிங்கம் என்பவர் தோற்றுப் பதினாலு வருடம் ஆகிறது. எக்ஸை மட்டும் சின்ன எழுத்தில் போடச் சொல்வாராம்.

3

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பகவதி கணினித் திரையையே

(மழை இல்லை. மாலையும் இல்லை. நல்ல வெயில். மறுபடியும் தொடங்குகிறேன்.)

பகவதி அன்று தட்டிக்கொண்டிருந்தது தன் மகள் நந்தனாவின் கல்யாண அழைப்பிதழ். நந்தனாவின் அப்பா வைகுண்டராஜன் மஸ்கட்டில் இருக்கிறார். விவாகரத்தாகிப் பதினோரு வருடம். பெற்றோர் பெயரை ஒரே வரியில், நடுவில் சின்னக் கோடு போட்டு, தம்பதியராக அச்சடிப்பது இங்கே வழக்கம். அந்த வரி மட்டும் காலியாக இருந்தது. மூன்று மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

என் கட்டுரையை வாசித்துவிட்டு, அவர் பெயருக்கு முன்னால் தமிழில் என்ன போடலாம் என்று பகவதி கேட்டார். முன்னாள், மேனாள் என்று இரண்டையும் சொன்னேன். பெயரையே விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். கேட்காத யோசனை சொல்வதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

4

நந்தனாவை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவளை அழவிட்டேன். உண்மையில் அவள் அழவில்லை. கடையில் அம்மாவுக்கு உதவியாக யாருடைய ஆதார் அட்டையையோ லேமினேஷன் இயந்திரத்தில் நுழைத்துக்கொண்டே பேசினாள்.

“அம்மா, ஒனக்கு அவரு எக்ஸ் தான். எக்ஸ் அப்பான்னு ஒண்ணு உண்டா? சாரே, ஒங்க கட்டுரையில இருக்கா?”

இல்லை. கணவன், கவுன்சிலர், பட்டாளம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டுகிற அது அப்பாவுக்கு முன்னால் ஒட்டாது. இத்தனை அகராதி புரட்டியும் எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

“அவருக்க பேரு வேணும்மா” என்றாள்.

பகவதி விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவருக்க பக்கத்துல எனக்க பேரு வராது மக்கா. எனக்க பேரு இல்லாம கார்டும் வராது.”

அப்போது மணி இரண்டே முக்கால். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். குடை வெயிலுக்கு.

5

முடிவுகள்:

அ) இரண்டு பெயரும் ஒரே வரியில். பகவதி நடுக்கோட்டை மட்டும் கொஞ்சம் நீளமாக்குகிறார். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) சரியாக அந்த நேரத்தில் வைகுண்டராஜன் மஸ்கட்டிலிருந்து போன் செய்து (பதினோரு வருடமாகச் செய்யாதவர் என் கதைக்காகச் செய்வாரா?)

இ)

ஞாயிற்றுக்கிழமை பகவதி என் வீட்டுக்கு வந்து அழைப்பிதழ் தந்தார். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உறை மேசைமேல் பிரிக்காமல் கிடக்கிறது.

எனக்கும் அருமனை என்ற ஊரில் ஒரு மகள் இருக்கிறாள், அவள் அம்மாவோடு. தை மாதம் அவளுக்கும் கல்யாணம் என்று கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது.

நந்தனாவின் உறையை நீங்களே பிரியுங்கள். யார் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். நான் போக வேண்டும்.