காய்க்காத பாஸ்னேர்

வனத்துறைக்காரர் வந்தபோது என் பெட்டி வாசலில் இருந்தது. பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை என்று என் புருஷன் க்ளோவிஸ் என்னை அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை வேறொருத்தி வருகிறாள். எங்கள் தீவின் போர்ட் மாத்துரின் ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்துப் பார்த்து, உனக்கு ஒரு குறையும் இல்லை, புருஷனை வரச் சொல் என்றார்கள். மகாராஜா போகவில்லை. ஆம்பிளையை எவனாவது சோதிப்பானா என்று கேட்டுவிட்டு, சோளக்கஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் ஆக்டோபஸ் குழம்பு ஊற்றச் சொன்னான். ஊற்றினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வந்தவர் எங்கள் சரிவில் நிற்கும் பாஸ்னேர் மரத்தின் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். எலுமிச்சை சாதி, அந்த வாசம்தான் வரும். தீவிலேயே மிச்சம் இது ஒன்றுதானாம். நாலு வருஷமாகப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது, ஒரு காய் இல்லை.

"பழைய குறிப்புல இங்க ரெண்டு மரம்னு இருக்கே. இன்னொண்ணு எங்க?"

க்ளோவிஸ் பெருமையாகவே சொன்னான். காய்க்காத மரத்தைப் பெரிய வெள்ளியன்று கத்தியால் மூன்று வெட்டு வெட்டிப் பயமுறுத்துவது எங்கள் வழக்கம். அந்த மரத்தை அப்படி வெட்டிப் பார்த்தான். அப்போது இந்த மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்துக்கொண்டிருந்தது. வெட்டியும் அது மட்டும் காய்க்கவில்லை. அடுத்த வருஷம் அதை வெட்டிச் சாய்த்து ஆட்டுப்பட்டிக்குத் தூண் நட்டான். "மலட்டை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று முடித்தபோது என்னைத்தான் பார்த்தான்.

வனத்துறைக்காரர் தொப்பியைக் கழற்றினார். "அது ஆண் மரம் சார். ஆண் மரம் எப்பவும் காய்க்காது. அது இல்லாம இனிமே இதுவும் காய்க்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

"ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கலாம் நீ" என்றேன்.

அவன் முகம் கறுத்தது. "மரத்தையும் மனுஷனையும் ஒண்ணாப் பேசாத. பெட்டிய எடு, பஸ் வந்துரும்."

வெட்டிய அடிக்கட்டை துளிர்த்ததா என்று கேட்டார் வந்தவர். துளிர்த்தது, ஆடு தின்றுவிட்டது என்றேன்.

பெட்டியோடு பட்டியைத் தாண்டித்தான் பாதைக்குப் போகவேண்டும். மூலைத் தூணில் மூன்று வெட்டும் அப்படியே இருந்தன. சினை ஆடு ஒன்று அதில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.