கரிக்கு ஒரு வளைவு

போன மாசம் நான் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்த காலண்டர் தாளில் ஒரே ஒரு வளைவு மட்டும் கறுப்பாக நிற்கிறது, மற்றக் கோடுகளெல்லாம் உதிர்ந்து சாம்பல் பூத்துக் கிடக்க, அது மட்டும் நேற்று வைத்த மாதிரி மினுங்குகிறது, சுற்றிலும் ஓர் எண்ணெய் வட்டம், கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே, தாளை இப்போது காட்ட மாட்டேன், கதை முடிந்த பிறகுதான், அதுவரை அந்த வளைவை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பத்திரண்டு வருஷத்துப் பகை ஒன்று அதற்குள் சுருண்டு படுத்திருக்கிறது, வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுகிறேன், பயப்படாதீர்கள், கடித்தால் என்னைத்தான் கடிக்கும்.

மில்லுக்குப் பின்னால் பன்னிரண்டு வீட்டு வளவு, இரண்டு வரிசை ஓட்டு வீடுகள் எதிரும் புதிருமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும், நடுவில் எல்லாருக்கும் ஒரே குழாய், குழாய்க்கு மேலே தகரம், தகரத்தைத் தாங்க ஒரு மரத்தூண், தூணில் ஓர் ஆணி, அந்த ஆணியில்தான் தினமும் காலையில் என் படம் தொங்கும், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் நான், எழுத்துப் படித்ததெல்லாம் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினக் காலண்டரில், என் வீட்டுக்காரர் மில்லுக்குப் புறப்படும் முன் ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று உரக்க வாசிப்பார், நான் அவர் விரல் போகும் வழியே கண்ணை ஓட்டுவேன், அப்படிப் பிடித்த எழுத்துகள், அதனால் எனக்கு எமகண்டம் எழுத வந்த பிறகுதான் அம்மா எழுத வந்தது, சிரிக்காதீர்கள், கிழித்த தாளைத் தூரப் போட மனசு வராமல் அதன் பின்பக்கத்தில் அடுப்புக் கரியால் கிறுக்க ஆரம்பித்தேன், நேற்றைய தாளின் முதுகில் இன்றைய கூத்து, வரிசையில் நிற்கும் பன்னிரண்டு குடங்கள், ஒவ்வொரு குடத்துக்கும் அதன் சொந்தக்காரியின் இடுப்பும் முகமும், அடியில் ஒரு வரி, நல்ல நேரம் ஏழரை முதல் ஒன்பது, தண்ணீர் வந்த நேரம் ஆறு பத்து, இன்னொரு நாள் பெரிய பெட்டியோடு வாசலில் நிற்கும் ஒரு மாமியார், அடியில் சந்திராஷ்டமம், மருமகள் ராசிக்கு, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நாளைக்கு என்னைப் போடு, ஆனா ஒல்லியாப் போடு என்பார்கள், கரிக்காரி என்று எனக்குப் பெயர், கரியால் வரைகிறவள், செல்லப் பெயர்தான், அப்போது.

எதிர் வரிசையில் மூன்றாவது வீடு பிரமு அக்கா, முழுப் பெயர் பிரமநாயகி, மில் கணக்கர் ஆவுடையப்ப பிள்ளையின் மனைவி, என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், வளவிலேயே நீளமான மூக்கு அவளுக்கு, அந்த மூக்கை அவளுக்குக் கொடுத்தது கடவுள் எனக்குக் காட்டிய கருணை, ஒரே இழுப்பில் ஆள் யாரென்று தெரிந்துவிடும், ஏளா கரிக்காரி, எம் மூக்கு என்ன உங்க வீட்டு ஓலைக் கொட்டானா, தெனம் தெனம் தூக்கிக்கிட்டு அலையுத என்று ஒருநாள் கேட்டாள், ஓலைக் கொட்டான் இவ்வளவு நீளத்துக்கு முடைய மாட்டாங்கக்கா என்றேன், குழாயடி முழுக்கச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை, குடத்தை நங்கென்று வைத்தாள், அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, அதிலிருந்துதான் தொடங்கியது என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு தப்பு.

புரட்டாசி, சனிக்கிழமை, பிரமு அக்கா வீடு என்றைக்குமே சுத்த சைவம், அன்றைக்கு விரதம் வேறு, விடியற்காலம் வைத்த சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துப் புகை வளவையே மூடுகிறது, எனக்குக் கை துறுதுறுக்கிறது, வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழிக்கிறேன், புகைக்குள் ஒரு பானை, பானைக்குப் பின்னாலிருந்து முதலில் மூக்கு வருகிறது, அதற்கப்புறம் பிரமு அக்கா வருகிறாள், அடியில் எழுதுகிறேன், பிரமு அக்கா வீட்டில் இன்று கரி, கிழித்த தாளின் முன்பக்கம் கரிநாள் என்று அச்சடித்திருக்கிறது, அந்த முதல் இரண்டு எழுத்தைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எழுதினேன், எழுதினேனா, எழுதியதாகத்தான் ஞாபகம், கொண்டு போய் ஆணியில் குத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன், அன்றைக்கு அவள் மகள் வடிவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் குத்தினேன், பானை கரிந்தது வருகிறவர்களுக்கும் தெரியட்டுமே என்கிற குறும்பு, அதை மறைக்க மாட்டேன் கண்ணுகளா, மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது, வடிவுக்குப் பத்தொன்பது, நர்ஸ் படிப்புக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் படிப்புக் கிடிப்பு எதுவும் கூடாது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆவுடையப்ப பிள்ளை தலையை ஆட்டிவிட்டார், அவர் ஆட்டினால் அந்த வீட்டில் அத்தனை தலையும் ஆட வேண்டும், ஆடாத தலைக்கு வாசலில் இடுப்பு வார் தொங்கும்.

வந்தவர்கள் குழாயடியில் காலைக் கழுவினார்கள், மாப்பிள்ளையின் அத்தை, அகலமான அம்மாள், தூணைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள், பிரமு அக்கா வீட்டில் இன்று கறி, ஏம்ப்பா, இங்கிட்டு வந்து பாருங்க, சைவம்னு சொன்னாக, புரட்டாசி சனிக்கிழமைல கறி பொங்கித் தின்கிறாகளாமே, பானை படம் வேற போட்டு வச்சிருக்கு, மதுரைக்காரர்களுக்குக் கறி என்றால் ஆட்டுக்கறிதான், ஈரத் துண்டோடு நான் ஓடி வருகிறேன், கரிம்மா அது, கரி, பொங்கல் கரிஞ்ச கரி என்கிறேன், எங்கம்மா இருக்கு கரி, நல்லாப் பாரு, வல்லின றகரம் கொழுக்கட்டை மாதிரி உக்காந்திருக்கு என்கிறாள், பார்க்கிறேன், உட்கார்ந்திருக்கிறது, கறி, என் கண்ணாலேயே பார்க்கிறேன், வாசலில் வடிவு பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவும் மையெழுதிய கண்ணுமாக நிற்கிறாள், எங்கோ பார்க்கிறாள், வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் வண்டி ஏறுகிறார்கள், ஆவுடையப்ப பிள்ளை வெளியே வந்து, எவ எழுதினா என்று கேட்கிறார், சத்தமில்லாமல் கேட்கிறார், அதுதான் பயம், அப்போது ஒரு வாளித் தண்ணீர் என் முகத்தில் அறைகிறது, எழுத்துத் தெரியாத மூதி, ரகரத்துக்கும் றகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத சவமே, எம் மக வாழ்க்கையில கரியப் பூசிட்டியே, நீ வெளங்குவியா என்று பிரமு அக்கா மண்ணை வாரித் தூற்றுகிறாள், தாளை ஆணியிலிருந்து பிய்த்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள், நான் தெப்பலாக நனைந்து என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், றகரம் போட்டது இதுதானா.

அதற்குப் பிறகு கரிக்காரி போய்க் கறிக்காரி ஆனேன், வளவுப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க முடியாத தடவை கூப்பிட்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள், பிரமு அக்கா என் குடம் நின்ற இடத்தைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பாள், நான் காயப்போட்ட வற்றலுக்கு நேர் எதிரே அவள் வீட்டு மிளகாய் வறுபடும், நானும் சும்மா இருக்கவில்லை, அவள் கோலத்தின் மேல் என் ஆட்டை விரட்டிவிட்டேன், அவளுக்கு அம்மை கண்டபோது எட்டிப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரர் செத்த அன்று அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், நான் படம் போடுவதை விடவில்லை, எழுத்தை விட்டேன், அதுதான் என்னைத் தின்றது, குடம் இருக்கும், மாமியார் இருப்பாள், அடியில் அந்த ஒரு வரி இருக்காது, நாக்கறுந்த ஆள் மாதிரி என் படங்கள் ஆணியில் தொங்கின, வரி வந்து விரல் நுனியில் நிற்கும், எந்த ரகரம் என்று கை தயங்கும், அப்படியே விட்டுவிடுவேன், பகலில் கண்ணயர்ந்தால் அதே கனவு, நான் எழுதுகிறேன், கரி, திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த ரகரத்துக்கு ஒரு கூன் விழுகிறது, கூன் எழுந்து நடக்கிறது, இடுப்பில் குடத்தோடு குழாயடிக்குப் போகிறது, ஏளா என்று கூப்பிடுகிறது, காலண்டரைத் திருப்பினால் அதிலும் கறிநாள், கறிநாள், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கறிநாள், விழித்துக்கொண்டு கையைப் பார்ப்பேன், நான் எழுதினது எது, தாள் அவளிடம், கேட்க வாய் இல்லை. ஒன்று மட்டும் இடையிடையே உறுத்தும், பிரமு அக்கா வீட்டில் வாழைக்காயும் கறிதான், கத்திரிக்காயும் கறிதான், எங்க பக்கத்துச் சைவ வீடுகளில் காய்க்கே கறி என்றுதான் பெயர், இன்னைக்கு என்ன கறி பிரமு என்றால் புடலங்காய் என்பாள், அந்த மதுரை அம்மாளிடம், எங்க ஊர்ல கறின்னா காய்கறி அத்தாச்சி என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்களே, அவ்வளவு வாய்க்காரி அதை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டாள்.

போன மாசம் ஆவுடையப்ப பிள்ளைக்கு வருஷத் திதி முடிந்தது, மறுநாள் உச்சி வெயிலில் வாசலில் ஒரு நிழல், குனிந்த நிழல், எண்பத்திரண்டு வயதில் முதுகு வளைந்து மூக்கு மட்டும் வளையாமல் பிரமு அக்கா நிற்கிறாள், வா என்று நான் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை, மடியிலிருந்து ஒரு மடிப்பை எடுத்து என் முன்னால் போட்டாள், இந்தா ஒன் கறி, வச்சுப் பொங்கித் தின்னு என்றாள், மடிப்பு நான்காகக் கிழியப் பார்க்கிறது, மெதுவாகப் பிரித்து வாசல் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறேன், முன்பக்கத்து அச்சு பின்னால் இடவலம் மாறித் தெரிகிறது, கரிநாள், ஆமாம், இடையின ரகரம், பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், கனவில்லை, அதற்குப் பக்கத்தில் என் கரிக் கோடுகளெல்லாம் உதிர்ந்து போய்த் தடம் மட்டும் இருக்கிறது, பானை இல்லை, புகை இல்லை, என் கையால் எழுதின ரகரத்தின் சாம்பல் தடம் முழுசாக இருக்கிறது, அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வளைவு மட்டும் கறுப்பாக நிற்கிறது, சுற்றிலும் எண்ணெய் வட்டம், விரலால் தொட்டேன், கரி கையில் ஒட்டும், இது வழுக்குகிறது.

அக்கா, இது கரியில்ல, மை என்றேன், நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா என்று என் வாயில் வந்துவிட்டதே என்று எனக்கே எரிச்சல். கண்டுபிடிச்சிட்டியாக்கும், கெட்டிக்காரிதான் என்றாள். ஒனக்கு எப்பத் தெரியும். அந்த அகலக்காரி வாசிக்கயிலயே தெரியும், வெளக்கெண்ண வெளக்குல நான் கூட்டின மை, எனக்குத் தெரியாதா, வடிவு ஆள்காட்டி வெரலு சேலை மடிப்புக்குள்ள இருந்துச்சு, மை எழுதின வெரலக் கழுவக்கூட நேரமில்ல பிள்ளைக்கு. அப்பம் வேணும்னேதான் என் மேல தண்ணி ஊத்தினியா. தாளு மேல ஊத்தி அழிக்கலாம்னுதான் பாத்தேன், ஒன் மூஞ்சி குறுக்க வந்திட்டு. நாப்பத்திரண்டு வருசமும் எம் மூஞ்சி குறுக்க வந்துதா என்று கத்தினேன், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, நான் என்ன ஊர்ல போய்த் தண்டோராவா போடப் போறேன். போட மாட்டே, படம் போட்டிருவ என்றாள், எங்க வீட்டு அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பிள்ளைய வெட்டிப் பொதச்சிருப்பாவ, யாரு மேலயாவது பழி விழணும், ஒனக்கு எழுத்துத் தெரியாதுன்னு வளவுக்கே தெரியும், தோதா இருந்த, சண்டைய விட்டா எவளாவது தாளக் கேட்டு வாங்கி அந்த எழுத்த உத்துப் பாப்பா, அதான் விடல, அவுக போயாச்சு, இனி நீ யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ, எம் மக நர்ஸா இருந்து ரிட்டயர்டும் ஆயிட்டா. மன்னிப்பு என்கிற சொல் அவள் மூக்கின் நுனிவரை வந்ததா என்று பார்த்தேன், வரவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை, எனக்கு வேண்டியது என் ரகரம், அது என் மடியில் கிடந்தது, இத்தனை வருஷம் இத எரிக்காம ஏன் வச்சிருந்த என்று மட்டும் கேட்டேன், அவள் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுந்து போய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தேன், அதே தாளை மடியில் விரித்தேன், அந்த மை வளைவை அழிக்கவில்லை, அதிலிருந்தே தொடங்கினேன், வளைவு ஒரு கிழவியின் கூனாகிறது, கூனுக்கு ஒரு கழுத்து, கழுத்துக்கு ஒரு கொண்டை, இடுப்பில் ஒரு குடம், பிறகு ஒரே இழுப்பில் மூக்கு, தாளின் ஓரம்வரை, இந்தாருங்கள், இப்போது பாருங்கள் கண்ணுகளா, சொன்னபடி காட்டிவிட்டேன், எல்லாம் கரி, நடுவில் அந்தக் கூன் மட்டும் மினுங்குகிறதா, அடியில் வரியும் இருக்கிறது, கை தயங்காமல் எழுதினது, மூக்கு நான் போட்டது, கூன் மகள் போட்டது என்று, அதை அன்றைக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை தலையை நீட்டி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுப் பிரமு அக்கா நிமிர்ந்தாள், எனக்கு இம்புட்டு நீள மூக்குக் கெடையாது, சவத்துமூதி என்று சொல்லிவிட்டுக் கூனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள், மறுநாள் காலையில் தூணில் தொங்கவிட்டேன், அவள் என் குடம் நின்ற இடத்தைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைத்தாள், விடிந்தால் இன்னும் அப்படித்தான், போய் வாருங்கள் பிள்ளைகளா, உங்கள் பானையில் கரி பிடிக்காமல் இருக்கட்டும், உங்கள் இலையில் கறி, எந்த ஊர் அர்த்தமானாலும் சரி, குறையாமல் விழட்டும், உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் கண்ணில் எழுதுகிற மை கண்ணோடு மட்டும் நிற்காமல் அவர்கள் விரல் நுனியிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும், அதைக் கண்டும் காணாதது போல வாளியைத் தூக்குகிற ஒரு தாய் ஒவ்வொரு வாசலிலும் நிற்கட்டும், அந்தத் தண்ணீர் மட்டும் என்னைப் போல அப்பாவி முகத்தில் விழாதிருக்கட்டும், நல்லா இருங்கள்.