வைப்பருக்குப் பெட்ரோல் எதுக்கு?

கன்னிகாவின் வேன் ஒரு தும்மல்கூட இல்லாமல் நிற்கும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இருமி, குலுங்கி நின்றாலாவது ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். இது அப்படியில்லை. அறுபதில் போய்க்கொண்டிருக்கும், அடுத்த நொடி டயர் உருளும் ஓசை மட்டும்தான் கேட்கும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டான். உள்ளே இருக்கும் ஏழு பெண்களும் இறங்கித் தள்ளுவார்கள். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும்.

அந்த ஏழு பேரும் வெதுருகுப்பத்துக்காரர்கள். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு துவைப்பது அவர்கள் வேலை. காலை எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முன்பு அவர்களை ஏற்றிப்போனவன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு பின்சீட்டையே பார்ப்பான். வாய்க்கு வந்ததைப் பேசுவான். குடியாத்தத்திலிருந்து வெதுருகுப்பத்துக்கு வாழ வந்த கன்னிகாவும் அப்போது அந்த லாட்ஜில்தான் வேலை செய்தாள். ஒருநாள் பாதி வழியில் அவன் வண்டியிலிருந்து இறங்கி நடந்தாள். நடந்தவள் மூன்றே மாதத்தில் லைசென்ஸ் எடுத்து, யாரோ கழித்துவிட்ட இருபது வருஷத்து வேனை வாங்கி நிறுத்தினாள். மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு இவள் வண்டியில் ஏறினார்கள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடியது.

இந்த மாதம் மட்டும் ஆறு தடவை நின்றுவிட்டது. லாட்ஜ் மேனேஜர் நாகபூஷணம் ஆறாவது தடவை வாசலிலேயே காத்திருந்தார்.

"இதி பனிகாதும்மா. இனிமே சரிவராது. திங்கக்கெழமலேந்து பழைய ஆளையே வரச் சொல்லிட்டேன். உன் வண்டி ரெஸ்ட் எடுக்கட்டும்."

பழைய ஆள் என்றதும் பின்னால் நின்ற ஏழு பேரில் செல்லியம்மாவின் முகம் சுருங்கியது.

"இன்னிக்கு வியாழக்கெழம சார். திங்கக்கெழமைக்கு இன்னும் நாள் இருக்குது" என்றாள் கன்னிகா.

அங்கிருந்து நேரே மெக்கானிக் தேவேந்திரனின் ஷெட்டுக்குப் போனாள். பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று மூன்று தடவையில் மூன்றை மாற்றியவன் அவன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தான். அது சமர்த்தாக ஓடியது.

"பாரு, எவ்ளோ ஜம்முனு ஓடுது! வண்டில ஒண்ணும் இல்லக்கா. ஓட்டுற கைல கீது. லேடீஸ் ஓட்டுனா கிளட்ச்சு மேலயே கால வச்சிகினு இருப்பீங்க."

"நின்னத நீ ஒரு வாட்டியாவது பாத்தியா?"

"இங்க வந்தா எங்க நிக்குது?"

"நான் ஆறு வாட்டி பாத்துகினு இருக்கேன். அப்ப உன்னவிட எனக்குத்தான் அதிகம் தெரியணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தபோது, ஆறு தடவையும் தான் எதையுமே பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. நின்றதும் பதறி இறங்கித் தள்ளியதுதான் மிச்சம். அடுத்த தடவை ஓரங்கட்டியதும் இறங்கக் கூடாது; எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

மறுநாள் காலை தூறல். ராமச்சந்திராபுரம் தாண்டி ஓர் ஏற்றத்தில் சத்தம் அறுந்தது. இருந்த வேகத்திலேயே வண்டியை மண் ஓரத்துக்கு இறக்கினாள்.

"எல்லாரும் எறங்கிப் புளியமரத்துகிட்ட நில்லுங்க. தள்ள வேணாம்" என்றாள். செல்லியம்மா மட்டும் இறங்கவில்லை.

வைப்பர் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றிருந்தது. ஹாரனை அழுத்தினாள், அடித்தது. ஹெட்லைட் போட்டாள்; எரிந்தது. சாவியை அணைத்து மறுபடி திருப்பினாள். வழக்கமாக எரியும் சிவப்பு விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை.

"அக்கா, இஞ்சின்தான் நின்னுச்சி. இந்த வைப்பர் ஏன் நின்னுச்சி?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"பெட்ரோல் வரலன்னு பம்ப மாத்தினான். வைப்பருக்குப் பெட்ரோல் எதுக்கு?"

பாட்டரி நன்றாக இருக்கிறது. ஆனால் சாவி வழியாகப் போக வேண்டிய கரண்ட் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு இஞ்சினிலேயே இல்லை. கன்னிகா சீட்டிலிருந்து சரிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டாள். சாவியிலிருந்து வரும் வயர்கள் சேரும் வெள்ளைக் கப்ளர் விரலைச் சுட்டது. ஒரு பக்கம் உருகிப் பழுப்பேறியிருந்தது; கருகின வாசனை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு அதை மேல்நோக்கி அழுத்தினாள்.

வைப்பர் சரக்கென்று மறுபக்கம் போனது. செல்லியம்மா "அம்மாடி!" என்று கத்தினாள். கன்னிகா கையை எடுத்தாள், நின்றது. அழுத்தினாள், ஓடியது. சீட்டுக்கு அடியில் கிடந்த துணியை மடித்துக் கப்ளருக்கு முட்டுக்கொடுத்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினாள்.

ஷெட் வழியில்தான் இருந்தது. வண்டியை அணைக்காமலே தேவேந்திரனைக் கூப்பிட்டு, துணியை உருவினாள். வண்டி செத்தது. கப்ளரை அழுத்திச் சாவியைப் போட்டாள், பிழைத்தது. ஏழு பெண்களும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள ஒரு வயர் லூஸாயிகீது" என்று முனகினான். "சூடு ஏறினா விட்டுடுது. ஆறினா புடிச்சிக்கிது."

"என் கால்ல ஒண்ணும் இல்லியே?"

அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"புது கப்ளர் போடு. கருகின வயர வெட்டிட்டு நல்லதா இழு. அப்பறம், என் வண்டிலேந்து கழட்டின பம்ப்பும் காயிலும் நல்லாத்தான் இருந்திருக்கு. ரெண்டையும் எடுத்து வண்டில வையி."

"அத எங்கயோ போட்டுட்டேனே..."

"தேடு. நாங்க நிக்கிறோம்."

தேடினான். கிடைத்தது.

அன்று லாட்ஜுக்குப் போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது. நாகபூஷணம் வாயைத் திறப்பதற்குள் கன்னிகா பேசினாள். "கோளாறு கெடச்சிடுச்சி சார். சரியும் பண்ணியாச்சி. அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடுங்க."

"சொன்னது சொன்னதுதாம்மா. அவன் வருவான்."

"வரட்டும். ஏறறது எங்க இஷ்டம்" என்றாள் செல்லியம்மா. மேனேஜர் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வெதுருகுப்பத்து பஸ் ஸ்டாப்பில் அவன் வந்து நின்றான், கழுவித் துடைத்த புது வண்டியோடு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சிரித்தான். ஏழு பேரும் அவனைத் தாண்டி நடந்து வந்து கன்னிகாவின் வேனில் ஏறினார்கள்.

ராமச்சந்திராபுரம் தாண்டி அந்த ஏற்றம் வந்தது. இஞ்சின் ஒரே தாளத்தில் இழுத்துப்போனது.

எட்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாட்ஜ் வாசலில் நிறுத்தினாள். நாகபூஷணம் கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"இன்னிக்கு வந்துட்ட. நாளைக்கு நின்னுட்டா?"

"நிக்கட்டும் சார்" என்றாள் கன்னிகா, சாவியை அணைக்காமலே. "நின்னா நின்ன எடத்துலயே கண்டுபிடிப்பேன்."