ஜெயபாயின் இடது கை

ஜெயபாய் முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு முழப் பட்டையின் மேல் மட்டும் விழுந்தது. பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பால் நாடாவை உரித்து இடுப்புக் கூடையில் போட்டாள். கத்தியை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து கீழாகச் சரித்து இழுத்தாள். பட்டை சுருளாகக் கழன்று காலடியில் விழ, வெட்டின் வழியே வெள்ளைப் பால் ஊறி, தகரச் சில்லில் இறங்கி, சிரட்டையில் சொட்டியது. சிரட்டை பிளாஸ்டிக்காகிப் பல வருஷமாயிற்று; பெயர் மட்டும் தேங்காயை விடவில்லை. மயிரிழை ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், மயிரிழை குறைந்தால் பால் இல்லை. கொசுவை விரட்டக்கூட நிற்காமல் அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

கொல்லயிலுக்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் அந்த ரப்பர் தோட்டம் ராபின்சன் சாருடையது. நாலு பிளாக், நாலு பால்வெட்டுக்காரர்கள்: ஜெயபாய், வேலாயுதன், விலாசினி, ஈசாக். பால்வெட்டு தனியாள் வேலை. விடியலில் ஆளுக்கொரு பிளாக்கில் நுழைந்தால் மரத்தோடுதான் பேச்சு. ஆனால் வெயில் ஏறியதும் பாலை எடுத்துக்கொண்டு மெஷின்புரைக்கு, அதாவது பாலை உறையவைத்து ஷீட்டு அடிக்கும் கொட்டகைக்கு, எல்லாரும் வந்து சேருவார்கள். பால் சேராத கட்டன்சாயா குடித்து, ஒருவர் காலை ஒருவர் வாரி, சம்பளத்தைப் பற்றி முணுமுணுத்துவிட்டுக் கலைவார்கள். கொரோனா வந்ததும் சார் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கினார். நோய் பரவக் கூடாதாம். நோயோடு சேர்த்து முணுமுணுப்பும் பரவாமல் நின்றதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் ஜெயபாய்க்குத்தான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் சோனா ரியாத்தில் நர்ஸ். கோயிலைப் பூட்டியதால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் கைப்பேசிக்குள் போய்விட்டது. பாட்டு வரும்போது அவளும் பாடுவாள். வெறும் வீட்டில் தன் குரல் தனக்கே அன்னியமாகக் கேட்டு, பாதியில் நிறுத்திவிடுவாள். தனிமை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டுமே.

இரண்டாம் அலை வந்தபோது ஒருநாள் சாரின் கார் அவள் பிளாக்கின் ஓரம் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"அடுத்த மாசம் முதல் ஊசி எடுக்காத ஆளு மெஷின்புரைப் பக்கம் வரண்டாம். எங்க வீட்டில வயசானவங்க உண்டு."

"எடுக்கிலாம் சாரே. எடுத்தா மறுநாள் காய்ச்சல் வருமெண்ணு ஆஷா பறஞ்சா. அண்ணைக்கு ஒரு லீவு…"

"மரத்துக்கு லீவு உண்டா ஜெயபாயி? பெருமழைக்கு முந்தி கிடைக்கிய வெட்டு இதுதான். வர முடியாதவங்களுக்க பிளாக்கை வேற ஆளுக்குக் குடுப்பேன்."

கண்ணாடி ஏறிக்கொண்டது. ஊசி போடாமல் வரக் கூடாது, போட்டுவிட்டுப் படுக்கவும் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதவும் வேண்டியிருக்கவில்லை, அரைக் கண்ணாடி திறந்தால் போதுமாயிருந்தது.

பயமும் இருந்தது. பெருங்கடவிளையில் யாரோ ஊசி போட்ட மறுநாளே செத்துப்போனதாக விலாசினி போனில் சொன்னாள். யார் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. சோனாவோ ரியாத்திலிருந்து திட்டித் தீர்த்தாள். தான் எப்போதோ போட்டாயிற்று, அம்மா அங்கே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாளா என்றாள். ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் பிரசீதா தன் போனில் நாள்கணக்காகத் தட்டித் தட்டி ஊசிக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தாள். நாலு பேரில் முதலாவது ஜெயபாய். மற்ற மூன்று பேரும் அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

பாலை ஊற்றிவிட்டு, உறையவைக்கும் ஆசிட்டின் வாடை போகாத உடுப்போடு ஹெல்த் சென்டருக்குப் போனாள். தரையில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி. கண்ணாடி முழுக்க ஆவி படிந்த நர்ஸ், எந்தக் கையால் வேலை செய்வீர்கள் என்று கேட்டாள். ஜெயபாய் யோசிக்கவேயில்லை, வலக்கை என்றாள். அப்படியானால் இடது கையைக் காட்டுங்கள் என்று சொல்லி, நர்ஸ் அவள் மேல்கையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு மனுஷ விரல் அவள்மேல் பட்டிருக்கவில்லை. அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊசி ஏறியதை அவள் கவனிக்கவில்லை. விரல்கள் விலகியபோது அழுகை வந்தது. தலை சுற்றுகிறதா என்று நர்ஸ் பதறினாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, மாஸ்க்குக்குள்ளேயே அழுது முடித்து, வெட்கத்தோடு அரைமணி நேரம் வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

காய்ச்சல் அன்றே வந்தது. தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லாத வீட்டில் காய்ச்சல் இரட்டிப்பாக அடிக்கும். விடியலில் எழுந்தபோது இடது கை மரக்கட்டையாகக் கனத்தது. போனால் போகட்டும், வேலை செய்வது வலக்கைதானே என்று கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் மரத்திலேயே தப்பு தெரிந்துவிட்டது. வலக்கை இழுக்கத்தான் செய்தது. அலகின் பக்கத்தில் பிடித்து, இவ்வளவுதான் ஆழம், இதற்குமேல் போகாதே என்று இத்தனை வருஷமாகத் தடுத்து நிறுத்தியது இடது கை. அதை அவள் ஒருநாளும் வேலையில் சேர்த்ததில்லை. இப்போது அது நடுங்கியது. கத்தி வழுக்கிப் பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. நின்றிருக்க வேண்டும். பிளாக் போய்விடுமோ என்ற பயம் அவளை அடுத்த மரத்துக்கும், அதற்கடுத்த மரத்துக்கும் தள்ளியது. காயப்பட்ட மரங்களைத் திரும்பிப் பார்க்க முடியாமல் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் சார் அவளைக் கண்டார். டார்ச் அடித்து மரம் மரமாகப் பார்த்தார்.

"நாளை முதல் வரண்டாம். வேலாயுதன் பாத்துக்கிடுவான்."

"ஊசி எடுக்கச் சொன்னது நீங்களாக்கும் சாரே."

"எடுக்கச் சொன்னேன். எனக்க மரத்தை வெட்டிக் கொல்லச் சொன்னேனா?"

காயம் அவள் கைக்காயம்தான், அதை அவளால் மறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காய்ச்சல் விட்டது. மறுநாள் விடியலில் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது, போக இடமில்லை. சோனா கூப்பிட்டபோது எல்லாம் சுகம் என்றாள்.

அன்று வெயில் ஏறியபின் வேலாயுதன் வந்து வேலிக்கு அப்புறமே நின்றார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சும்மா நலம் விசாரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார். ஜெயபாயே எடுத்துக்கொடுத்தாள்.

"எனக்க பிளாக்கு ஒங்களுக்கு. அதானே அண்ணே? நீங்க வெட்டல்லேன்னா வேற ஆளு வெட்டும்."

"போனேன் ஜெயா. ஒனக்க முதல் மரத்துல கத்தியும் வச்சேன். கை ஓடல்ல." அவர் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் எனக்கு ஊசி. நான் காய்ச்சல்ல கிடந்தா எனக்க பிளாக்கு ஈசாக்குக்கு. அவன் கிடந்தா விலாசினிக்கு. கடைசில விலாசினி கிடக்கும்போ வெட்ட ஆரு உண்டு? நம்மளைக்கொண்டே நம்மளை வெளிய தள்ளுகாரு."

அவர் ஏற்கெனவே மற்ற இருவரையும் போனில் பிடித்திருந்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேலாயுதன் வேலியருகே போனை ஒலிபெருக்கியில் போட, ஈசாக்கின் இருமலும் விலாசினியின் பயமும் ஜெயபாயின் முற்றத்தில் கேட்டன. வேலைக்கு வராமலிருந்தால் சார் வேறு ஆளைக் கொண்டுவந்து வெட்டிவிடுவார் என்றான் ஈசாக். அதனால் வழக்கம்போல் அவரவர் மரத்தையும், கூடவே ஜெயபாயின் மரத்தைப் பங்கிட்டும் வெட்டுவது, வெட்டிய பாலைச் சிரட்டையிலிருந்து எடுக்காமல் உட்காருவது. உறைவதற்குள் அத்தனை மரத்துப் பாலையும் எடுக்க எங்கேயிருந்து ஆள் பிடிப்பார்?

"பால் பாழாப் போவுமே அண்ணே," என்றாள் ஜெயபாய்.

"போவும்," என்றார் வேலாயுதன். அவருக்கும் அது வலிக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் காலை மெஷின்புரை வாசலில் நாலு பேரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு கத்திகள் சிமெண்டுத் தரையில் கிடந்தன. தோட்டம் முழுக்கச் சிரட்டைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சார் இந்த முறை காரைவிட்டு இறங்கித்தான் வரவேண்டியிருந்தது.

"பால் எடுக்காம என்ன கூட்டம் இது? நோயைப் பரத்தவா?"

வேலாயுதன் எழுந்து நின்றார். ஊசி போடுகிறவருக்குச் சம்பளத்தோடு ரெண்டு நாள் ஓய்வு, அதுவரை அவர் மரத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஜெயபாயின் பிளாக் ஜெயபாய்க்கு என்றார்.

"மரம் எனக்கதா, ஒனக்கதா?"

"மரம் ஒங்களுக்கதான் சாரே. கை எங்களுக்கதாக்கும்."

சார் ஜெயபாயைப் பார்த்தார். கோயிலில் எத்தனை வருஷமாகத் தெரிந்தவள், அவளே இப்படிக் கூட்டம் சேர்க்கலாமா என்றார். அவள் எழுந்திருக்காமலே பதில் சொன்னாள்.

"மூணு மரத்துல நான் காயம் வச்சது உண்டு. மரத்துக்கு மருந்து பூசுவீங்க. எனக்கு ஒருநாள் கிடக்க இடம் தந்தீங்களா?"

அவர் காருக்குள் போய் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார். யாருக்கு என்று தெரியவில்லை. ஆட்களுக்காக இருக்கலாம், போலீசுக்காகவும் இருக்கலாம். அப்போது மலைப்பக்கமிருந்து கோடை மழை இரைந்து வந்தது. முதல் துளி தகரத்தில் விழுந்ததுமே நாலு பேரும் ஒன்றுபோல் பாதி எழுந்துவிட்டார்கள். மழை விழுந்தால் பால் போச்சு, ஓடு என்பதுதான் அந்த உடம்புகளுக்குத் தெரிந்த ஒரே பாடம். எழுந்த நிலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈசாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொருவராக மறுபடியும் உட்கார்ந்தார்கள். மழை வலுத்தது. சிரட்டைகளில் பால் தண்ணீரோடு பொங்கி வழிவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். ஜெயபாய்க்குக் கண் கலங்கியது.

சாரல் வாசலில் அடிக்க, ஒடுங்கிய இறவாரத்துக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இடைவெளிக்கு அங்கே இடமில்லை. மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு விலாசினி நெருங்கி உட்கார்ந்தாள். தன் ஊசி நாளன்று கூட வரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். வாறேன் என்றாள் ஜெயபாய். நனைந்து நடுங்கிய விலாசினியின் தோள் அவளுடைய ஊசி போட்ட கையின் மேல் சாய்ந்தது. கை இன்னும் வலித்தது. ஜெயபாய் நகரவில்லை.