நான்காவது கை

காட்டூரில் பிலோமின்ராஜின் கடைக்குள் காலையிலிருந்து நுழைந்த ஒரே உயிர் ஒரு பல்லி. அதுவும் ஏ.சி. குளிர் தாங்காமல் கதவிடுக்கு வழியாகத் திரும்பிப் போய்விட்டது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார், தஞ்சாவூர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பொன்மலைப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு சும்மா உட்காரத் தெரியாது. வீட்டில் உட்கார வைத்தால் மிக்சியைக் கழற்றுவார், மிக்சி முடிந்தால் கேட்டைக் கழற்றுவார். அதற்குப் பயந்துதான் மனைவி பாக்கியமேரி, வாசல் அறையில் வீடியோ கேம் கடை போடச் சம்மதித்தாள்.

கேம் பெட்டியில் குறை சொல்ல முடியாது. சந்தையிலிருந்த கன்சோல்களையெல்லாம் இன்ஜின்களை எடைபோடுவது போல எடைபோட்டு, இழுவை அதிகமானதையே வாங்கியிருந்தார். அது வந்து இறங்கிய அன்று தஞ்சாவூர் ரோடே ஸ்தம்பித்தது என்பார். ஸ்தம்பித்தது உண்மைதான், குறுக்கே ஓர் எருமை படுத்திருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது, பெட்டி நனையக் கூடாதென்று அதற்குக் குடை பிடித்தவர் இவர். திரையில் ஒரு புல் அசைந்தால், அதில் ஏறும் எறும்பின் மீசை தெரியும்.

ஆனால் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். ரயில் ஓட்டும் ஆட்டம். முதல் வாரம் கல்லூரிப் பையன்கள் குவிந்தார்கள். ஒருவன் ஓட்ட, மற்றவர்கள் கொட்டாவி விட்டபடி காத்திருந்தார்கள். சிவப்பில் நின்றால் பச்சை விழும்வரை அவனும் காத்திருக்க வேண்டும். யாராவது சிக்னலைத் தாண்டிவிட்டால், முதுகுக்குப் பின்னால் பிலோமின்ராஜின் குரல் கேட்கும். "தம்பி, சர்வீஸ்ல இருந்திருந்தா உன்ன சஸ்பெண்ட் பண்ணிருப்பாங்க." இரண்டாவது வாரம் பல்லி மட்டும் வந்தது.

பாக்கியமேரி கெடு வைத்துவிட்டாள். மகள் அனிஷாவுக்கு பியூட்டி பார்லர் வைக்க இந்த அறைதான் வேண்டுமாம். "நாளைக்குச் சாயங்காலப் பூசை முடியறதுக்குள்ள நாலு நாற்காலி ரொம்புச்சுன்னா கடை உங்களுது. இல்லன்னா வரச் சொல்லியிருக்குற கண்ணாடிக்காரர் பார்லருக்கு அளவெடுத்துடுவாரு." அறை போனால் மாலை முழுக்க டி.வி. சீரியல்தான். அதைவிட நரகம் பரவாயில்லை; அங்கேயாவது கொதிகலன் இருக்கும், பழுது பார்க்கலாம்.

இந்த நேரத்தில்தான் வீரராகவனைப் பற்றிக் கேள்விப்பட்டார். அதே பணிமனையின் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஸ்ரீரங்கத்தில் அவரும் இதே தொழில் தொடங்கியிருக்கிறாராம், அங்கே நிற்க இடமில்லையாம். வெளிநாடு போன மகன் போட்டுவிட்டுப் போன பழைய பெட்டியை வைத்தே இத்தனையுமாம். அந்த ஓட்டைப் பெட்டியா ஜெயிக்கும்? பிலோமின்ராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் சிவப்பு சிக்னலில் நின்ற ரயில் ஆட்டத்தை அணைக்கவும் மறந்து, முகக்கவசம் மாட்டி, அனிஷாவின் பளபளக்கிற கூலிங்கிளாஸையும் போட்டுக்கொண்டு, வேவு பார்க்க பஸ் ஏறினார். சத்திரம் பஸ் நிலையத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் காலியிருக்கை இருந்தும் காவிரிப் பாலம் முழுக்க நின்றுகொண்டே போனார்.

உத்தர வீதிக்குள் திரும்பும்போதே கூச்சல் கேட்டது. ஸ்ரீரங்கத்து ஜனத்தொகையில் பாதி அந்த ஒற்றை அறைக்குள்தான் இருந்தது என்று சத்தியம் செய்யலாம். ஏ.சி. இல்லை. பஞ்சு பிதுங்கிய சோபா. திரையில் கால்பந்து, ஆட்டக்காரர்களுக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை, சப்பாத்தி மாவில் பிடித்தது போல ஓடினார்கள். ஆனால் பெட்டியிலிருந்து நான்கு கண்ட்ரோலர்கள் நீண்டிருந்தன. ஆடுகிறவன் பக்கத்தில் இருப்பவனைத் திட்டினான், தோற்றவன் முதுகில் அடி விழுந்தது, சுவரில் சாய்ந்திருந்தவர்கள் தங்கள் முறைக்கு அடித்துக்கொண்டார்கள். மூலையில் இரண்டு பேர் கேம் டிஸ்க்குகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சோபாவிலிருந்து ஜோஸ்வின் திரும்பினான். காட்டூர்ப் பையன், இவர் முதலில் சஸ்பெண்ட் செய்தது அவனைத்தான்.

"அங்கிள், கண்ணாடி சூப்பர்."

வேவு அத்தோடு முடிந்தது. பிலோமின்ராஜ் முகக்கவசத்தைக் கழற்றினார். இவ்வளவு தூரம் வந்து இந்த மாவுப் பொம்மைகளையா ஆடுகிறாய், நம் கடையில் எறும்பின் மீசையே தெரியுமே என்று கேட்டார்.

"தெரியும் அங்கிள். ஆனா அங்க யாரு கூட ஆடுறது?"

வீரராகவன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். நெற்றியில் திருமண், கையில் கண்ட்ரோலர். சிரிப்பை அடக்கிக்கொண்டதில் திருமண் கோணியது.

"வாரும் ஓய். உம்ம பெட்டி பிரமாதமான இன்ஜினாமே. பாசஞ்சர் எங்க?"

பிலோமின்ராஜ் கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி, உக்காரும். என் முறைய நீர் எடுத்துக்கும், நாலாவது கை நீர்தான்."

ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் உட்கார்ந்தார். முதல் கோலைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அறை அதிர்ந்தது, கோயிலின் ரங்கா ரங்கா கோபுரத்துப் புறாக்கள் எழும்பியிருக்கும். "நீங்க சஸ்பெண்ட், அங்கிள்" என்றான் ஜோஸ்வின். முப்பது வருஷம் தன்னைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை என்று பிலோமின்ராஜுக்குத் தோன்றியது. மூன்றாவது ஆட்டத்தில் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டார்.

"எங்கங்க போனீங்க? கடைய தெறந்து போட்டுட்டு." பாக்கியமேரி. "நாளைக்கு வரச் சொன்ன கண்ணாடிக்காரர் இன்னைக்கே வந்து நிக்கிறாரு. அளவு எடுக்கச் சொல்லவா, வேணாமா?"

திரையில் பந்து அவர் ஆளின் காலடியில் இருந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்.

"சொல்லுங்க" என்றாள். பிறகு அவள் குரல் சற்று விலகி, யாரிடமோ ஏதோ கேட்டுத் திரும்பி வந்தது. "இங்க உங்க ரயிலுக்குப் பச்சை விழுந்திருக்கு. கண்ணாடிக்காரரு ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமாங்குறாரு. எந்தப் பட்டனை அமுக்கணும்?"

"அடிங்க அங்கிள்" என்றது அறை மொத்தமும். முகமில்லாத அந்தக் கோல்கீப்பர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.