ஒரு நாள் முந்திய பிறந்த தேதி

டேட்டாபேஸில் இருக்கும் தேதியும் எண்ணும் வெளியே உள்ள மென்பொருள்களுக்குப் போய்ச் சேர டிரைவர் என்ற இணைப்பு நிரல் வேண்டும். இந்த அலுவலகத்துக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை எழுதியவள் அக்காதான். டிரைவர்களுக்கென்று உலகம் முழுக்கப் பொதுவான தரவு அச்சு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அதில் வார்த்துத்தான் அனுப்பினாள். அலுவலகமே அவளை 'டிரைவர் அக்கா' என்றது.

சேர்ந்து ஐந்தே மாதமான சுருட்டைமுடிக்காரி இப்போது அந்த அச்சிலிருந்து விடுபடலாம் என்கிறாள். தேதிக்கும் எண்ணுக்கும் நமக்கே சொந்தமான தரவு வகைகள். பழைய அச்சு வேண்டுகிறவர்களுக்கு மட்டும் வாசலில் அதற்கு மாற்றித் தரும் ஒரு நிரல். எழுதியும் முடித்துவிட்டாள். படித்து ஒப்புதல் தர வேண்டியவள் அக்கா.

படித்தாள். அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? ஒரேயொரு தப்பு கிடைத்தால் போதுமென்று வரி வரியாகத் துருவினாள்.

கிடைத்தது. சோதனைக்கு எடுத்த ஆஸ்பத்திரிப் பதிவில் ஒரு குழந்தையின் பிறந்த தேதி, பழைய டிரைவரில் பதின்மூன்று, புதியதில் பதினான்கு.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரிக் குழந்தைய ஒரு நாள் கழிச்சுப் பொறக்க வச்சிட்ட?" அறைக்கே கேட்கும்படி சொன்னாள். மேனேஜர்கூட நிமிர்ந்து பார்த்தார். சுருட்டையின் முகம் சிவந்ததைப் பார்க்க அவளுக்கு இனித்தது.

"உங்க டிரைவர் தப்பா சொல்லாதுக்கா. மத்தியானத்துக்குள்ள பதிமூணு வர்ற மாதிரி மாத்திடறேன்."

இன்னும் எத்தனை தேதி இப்படி என்று எண்ணிக் காட்டும் ஆசையில் அக்கா டேட்டாபேஸையே நேராகத் திறந்தாள். உள்ளே பதினான்கு இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பொது அச்சில் தேதி தனியாக வராது. நள்ளிரவு மணியையும் சேர்த்துக்கொண்டு வரும். வாங்கும் கணினியின் நேரமண்டலம் டேட்டாபேஸுடையதைவிடப் பின்தங்கியிருந்தால் நள்ளிரவு நழுவி முந்தின நாளில் விழும். எட்டு வருஷமாக விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தப் பெண் தன் கையாலேயே சரியானதைத் தப்பாக்கிவிடுவாள்.

பதினோரு மணிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. தப்பு தன்னுடையது என்பதைவிட, சரி அந்தப் பெண்ணுடையது என்பதுதான் உறுத்தியது.

கடைசியில் எழுந்து போனாள். "மாத்தாத."

"என்னக்கா?"

"பதினாலுதான் சரி. தப்பு என் டிரைவர்ல." முன்பு பேசிய அதே சத்தத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.

சுருட்டை நாற்காலியைத் திருப்பினாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காக டேட்டாபேஸ் வரைக்கும் போய்ப் பாத்தீங்களாக்கா? வேற யாரு செய்வா?"

அக்கா தன் இடத்துக்குத் திரும்பி ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். எதற்காகப் போய்ப் பார்த்தாள் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.