வாய் உடைந்த ஜம்பர்கள்

இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கிறிஸ்து சகாப்தம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் வருஷம், கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாம்பியன் ரீப்ஸ் பக்கத்துத் தங்கச் சுரங்கமொன்றின் கொல்லுப் பட்டறையில், மைசூர் சர்க்காரின் கஜானாவுக்கும் லண்டன் பட்டணத்துப் பங்குதாரர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆதாரமாக விளங்கிய சின்னசாமி ஆசாரி அவர்களுக்கு இரும்பு அலுத்துவிட்டது.

லண்டனுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அங்கே வழக்கம்போலச் சாப்பிட்டார்கள்.

ஆதாரம் என்று சொன்னது அளப்பு இல்லை. தங்கம் பாறைக்குள் இருக்கிறது. பாறையை உடைக்க வெடி வேண்டும், வெடி வைக்கத் துளை வேண்டும், துளை போட ஜம்பர் வேண்டும். ஜம்பர் என்பது ஒரு பக்கம் உளிபோல வாய் வைத்த எஃகுக் கம்பி. ஒருவன் அதைப் பாறையில் ஊன்றித் திருப்பிக்கொண்டே இருப்பான். இன்னொருவன் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருப்பான். அரை மணி நேரத்தில் வாய் மழுங்கிவிடும். மழுங்கியதெல்லாம் கட்டுக் கட்டாகக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வரும். சின்னசாமி ஆசாரி அதை உலையில் காய்ச்சி, அடித்து, வாய் தீட்டி, தண்ணீரில் தோய்த்துத் திருப்பி அனுப்புவார். மறுநாள் அதே ஜம்பர் அதே மழுங்கலோடு வந்து நிற்கும். நாளைக்கு இருநூறு. ஒன்பது வருஷமாக.

தூக்குகிற சம்மட்டியால் வந்த அலுப்பில்லை அது. சம்மட்டி வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். தாம் செய்து கொடுத்தது எங்கே போகிறது, என்ன செய்கிறது, ஏன் இப்படி வருகிறது என்று ஒரு மனிதரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு குழிக்குள் கூராகப் போட்டால் மொட்டையாக வரும். இதுதான் அவருக்குத் தெரிந்த சுரங்கம். மேலே வேலை செய்கிறவன் கீழே இறங்குவது வழக்கமில்லை. கீழே வேலை செய்கிறவன் பட்டறைப் பக்கம் வந்து பேசுவதும் வழக்கமில்லை. நடுவில் கேஜ் மட்டும் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அலுப்புக்கு மருந்து சொல்லாதவர் இல்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னாவைக் கொடுத்தார். அவர் கால் முறிந்தவனுக்கும் கொய்னாதான் கொடுப்பார். பூசாரி கையில் கயிறு கட்டினார். மனைவி கிருஷ்ணம்மா, "உனுக்கு உலை அலுத்துப்போச்சா? எனக்கு அடுப்பு அலுக்கலியா?" என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தபடியால் ஆசாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நேராக ரைட்டர் வால்டரிடம் போனார். வால்டர், சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் துரையின் ஆபீசில் எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு வேலை இரண்டையும் பார்ப்பவர். வெயிலிலும் கோட்டுப் போடுபவர்.

"எனக்குப் போதும்னு எழுதுங்க. தை பொறந்தா பேத்தமங்களாவுல மச்சான்கிட்டப் போறேன். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டுக்கினு இருந்துட்றேன்."

இந்த ஒரு வரி வால்டரின் கையில் மூன்று பக்க இங்கிலீஷ் விண்ணப்பமாக விரிந்தது. சூரியன் வந்தது, இஸ்ரவேலர் வந்தார்கள், பாய்மரக் கப்பல் ஒன்றும் வந்தது. ஜம்பர் வரவில்லை. கேப்டன் துரை அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோலத் தூக்கி, மார்கழி முடியும்வரை இருக்கட்டும் என்று இரண்டு வார்த்தை சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை வால்டர் ஆசாரிக்குக் கால் மணி நேரம் மொழிபெயர்த்தார்.

ஆக, நாள் குறித்தாகிவிட்டது. போகிற மனிதனுக்குப் பொறுமை எதற்கு? ஆசாரி வேலையைச் சீக்கிரம் முடிக்க வழி கண்டுபிடித்தார். முன்பெல்லாம் பழுத்த வாயை ஒரு விரல் அளவு தண்ணீரில் காட்டி, வெளியே எடுத்து, உள்ளே மிஞ்சிய சூடு வாய்ப்பக்கம் மெல்ல ஊர்ந்து வருவதற்குக் காத்திருப்பார். எஃகின்மேல் நிறம் நிறமாக ஓடும். சரியான நிறம் வாயைத் தொடுகிற நேரத்தில் முழுக்கத் தோய்ப்பார். இப்போது காத்திருப்பதில்லை. காய்ச்சினார், அடித்தார், தொட்டியில் முழுசாக முக்கினார், தூக்கிப் போட்டார். சாயங்காலத்துக்குள் முடிகிற இருநூறும் மூன்று மணிக்கே முடிந்தது.

துருத்தி இழுக்கிற பாப்பம்மா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னா ஆச்சாரி, கொயந்தைக்கு மொட்ட அடிச்சித் தலைய முக்கற மாதிரி முக்கிக்கினே கீற?"

"நீ துருத்திய இஸு."

"நான் இஸ்துகினுதான் கீறேன். துருத்திக்கி மச்சான் யாரும் பேத்தமங்களாவுல இல்ல."

மார்கழி மூன்றாம் தேதி ஏனோக் வந்தார்.

ஏனோக் கீழே ஆறாவது லெவலில் எட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் குரல் எடுத்துப் பாடுபவர். மற்ற நாட்களில் அந்தக் குரலை வேறு காரியத்துக்கு வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் கரும்பாறையைக் குடைந்து ஒரு பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது, ஐம்பது அடிக்கு அப்பால் தங்கம் ஓடும் வெள்ளைக்கல் ரீஃப் ஒன்று இருக்கிறது என்று கேப்டன் துரை வரைபடத்தில் சிவப்பு மசியால் கோடு போட்டிருந்தார். கோடு போட ஒரு நிமிஷம் ஆனது. பாதை பத்து நாளில் இரண்டடிகூட நகரவில்லை. ஆட்கள் சோம்பேறிகள், வேறு கூட்டத்தைப் போடுகிறேன் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

ஏனோக் தோளில் கொண்டுவந்த கட்டைப் பட்டறை வாசலில் போட்டார்.

"ஆச்சாரியாரே, இது இன்னா ஜம்பரா, முறுக்கா? நாலு அடியில ஒடையுது!"

"அடிக்கத் தெரிஞ்சவன் அடிச்சா ஒடையாது மேஸ்திரி. உன் ஆளுங்க கோணலா அடிக்கிறானுங்க. ஒன்பது வருசமா என் ஜம்பரு ஒடைஞ்சது உண்டா?"

"கார்த்திகைலேருந்து ஒடையுது."

"அப்ப கார்த்திகைலேருந்து கோணலா அடிக்கிறானுங்க."

"மேல நெழல்ல குந்திக்கினு பேசறது சுளுவு. கீழ வந்து அடிச்சிக் காட்டேன் பாப்பம்!"

பாப்பம்மா துருத்தியை நிறுத்திவிட்டாள். "போவாது மேஸ்திரி, ஆச்சாரி வராது. அது கேஜப் பாத்தாலே கண்ண மூடிக்கும்."

மனிதர்கள் பெரிய காரியங்களில் இறங்குவதற்குப் பெரிய காரணங்கள் வேண்டியதில்லை. சின்னசாமி ஆசாரி அன்றைக்குச் சுரங்கத்தில் இறங்கியதற்குக் காரணம், ஊரை விட்டுப் போவதற்கு முன் ஒரு சண்டையிலாவது ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான்.

கேஜில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது உலை இல்லாமலே உலைக்களம்போலச் சூடு. நீர் சொட்டியது. ஆட்கள் களிமண் உருண்டையில் மெழுகுவத்தி செருகித் தலைத்தொப்பியில் ஒட்டியிருந்தார்கள். நூறு கஜம் குனிந்து நடந்த பிறகு பாதை ஒரு கருத்த சுவரில் முடிந்தது. சுவரில் துளைகள், எல்லாம் ஒரு சாண்கூடப் போகாத அரைகுறைத் துளைகள். கீழே தரையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருடைய ஜம்பர்கள் கிடந்தன. ஒன்றுக்கும் வாய் இல்லை.

ஜம்பர் பிடிக்கிறவன் கோவிந்தன். அவன் கண்ணுக்குக் கீழே, இமையோரமாக, பச்சைக் காயம் ஒன்று இருந்தது.

"இன்னாடா அது?" என்றார் ஆசாரி.

"நேத்து வாய் ஒடைஞ்சி பறந்திச்சிங்க. கண்ணுக்கு இம்மாத்தூண்டு தள்ளிப் போச்சி." விரலிடுக்கில் ஒரு நெல் அளவு காட்டினான். புகார்போலச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான்.

ஆசாரி சட்டென்று சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அன்று காலையில் தாமே முக்கிப் போட்ட புது ஜம்பர் ஒன்றைக் கோவிந்தனிடம் கொடுத்தார். கோவிந்தன் முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு பிடித்தான். அந்தத் திருப்பலை ஆசாரி பார்த்தார்.

முதல் அடி நேராக விழுந்தது. இரண்டாவதும். ஒன்பது வருஷம் பட்டடையில் அடித்த கை. கோணல் என்று கடவுள்கூடச் சொல்ல முடியாது. மூன்றாவது அடிக்குக் கோவிந்தன் ஜம்பரைக் கால் சுற்றுத் திருப்பினான். நான்காவது அடியில் டக்கென்று ஒரு சத்தம். வாய் போய்விட்டது.

ஆசாரி உடைந்த முனையை மெழுகுவத்திக்குக் கிட்டே பிடித்தார். உடைந்த இடம் கற்கண்டு மாதிரிப் பொரிப் பொரியாக மின்னியது. தோய்ச்சல் தெரிந்த எவனுக்கும் அது எழுத்துப்போல. அவசரத்தில் முக்கிய எஃகு கண்ணாடியாகிவிடும். இறுகும், ஆனால் அடி தாங்காது. மேலே அவர் மிச்சம் பிடித்த இரண்டு மணி நேரம் கீழே இந்தச் சுவரில் வந்து நின்றுகொண்டிருந்தது. கோவிந்தனின் கன்னத்திலும்.

எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்திருந்தால் ஆசாரி அப்போதே பேத்தமங்களாவுக்கு நடந்திருப்பார். யாரும் சிரிக்கவில்லை. ஏனோக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கல்லு கொஞ்சம் கெட்டி ஆச்சாரியாரே" என்றார்.

"ஆமா. கல்லு கெட்டி" என்றார் ஆசாரி.

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் நான் கேட்ட பல உண்மைகளைவிட அது மேலாக இருந்தது.

ஆசாரி மேலே போகவில்லை. ஷிப்ட் முடியும்வரை அங்கேயே குந்தியிருந்தார். பாறையைத் தடவினார், நகத்தால் சுரண்டினார், ஒரு சில்லை வாயில் போட்டுக்கூடப் பார்த்தார். வலது பக்கம் கருங்கல் வழவழப்பாக இருந்தது. இடது பக்கம் வெள்ளை நரம்பு ஓடி மொறமொறவென்று இருந்தது. ஒரே சுவரில் இரண்டு கல். இரண்டுக்கும் ஒரே வாயா? ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. வர வழி இல்லை. அவர் கல்லைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பட்டறையில் பாப்பம்மா ஒரு புதுமையைக் கண்டாள். ஆசாரி ஜம்பரின் வாயை விரல் அளவு தண்ணீரில் காட்டினார், எடுத்தார், மணற்கல்லால் தேய்த்தார், சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பளிச்சென்ற எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் வந்தது. பிறகு வெல்லப்பாகு நிறம். அதற்குப் பின்னால் கத்தரிப்பூ.

"இன்னா ஆச்சாரி, அதும் மூஞ்சியே பாத்துக்கினு கீற? கண்ணாலம் பேசப் போறியா?"

"இரு, இரு. வெல்லம் வரட்டும்."

"வெல்லம் வந்தா எனக்கும் ஒரு கட்டி குடு."

வைக்கோலில் பத்து, வெல்லத்தில் பத்து, கத்தரிப்பூவில் பத்து என்று தனித்தனிக் கட்டாகக் கீழே போயின. கூடவே பாப்பம்மாவின் கிழிந்த சிவப்புச் சேலை ஒன்றும் போயிற்று. மூன்று நாள் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அதை ஆசாரிக்குக் கொடுத்தாள். ஏற்பாடு இதுதான்: வாய் உடைந்தால் ஜம்பரில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். உடையாமல் மழுங்கினால் கயிறு. நன்றாக உழைத்திருந்தால் ஒன்றும் வேண்டாம்.

சாயங்காலம் கேஜ் வருகிற மணி கேட்டதும் ஆசாரி வாசலுக்கு வந்து நின்றார். ஒன்பது வருஷத்தில் அந்த மணியை அவர் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். கட்டைப் பிரித்தார். வைக்கோலில் ஏழுக்குச் சிவப்பு. கத்தரிப்பூ பத்துக்கும் கயிறு. வெல்லத்தில் ஆறு வெறுமனே வந்திருந்தன.

"ஆறு!" என்றார் ஆசாரி, பாப்பம்மாவிடம்.

"மூணு நாளைக்கு நான் பேச மாட்டேன்னேனே" என்றாள் பாப்பம்மா.

அதற்குப் பிறகு துணியும் கயிறுமாகப் பேச்சு நடந்தது. வெள்ளை நரம்புக்கு வாய் அகலமாக வேண்டும் என்று ஏனோக் சொல்லி அனுப்பினார். அகலம் கூட்டினால் திருப்ப முடியவில்லை என்று கோவிந்தன் சொல்லி அனுப்பினான். ஓரத்தை லேசாகச் சரித்துப் பாருங்கள் என்று ஆசாரி பதில் அனுப்பினார். பாதை வாரத்துக்கு மூன்றடி நகர்ந்தது, பிறகு நாலடி. தாம் திட்டியதால்தான் நகர்கிறது என்று கேப்டன் துரை மேலிடத்துக்கு எழுதினார். வேறு கூட்டத்தைப் போடுகிற பேச்சு நின்றது. கோவிந்தனின் காயத்தில் தோல் மூடியது.

தை முதல் தேதி மச்சான் தங்கவேலு பேத்தமங்களாவிலிருந்து இரட்டை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"சாமான் ஏத்தலாமா மாமா?"

ஆசாரி உலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருய்யா. பதினஞ்சாவது அடியில கல்லு மாறுதாம். பழைய நெறம் சரிப்படாது போலக்கீது."

"அப்ப எப்ப வர்ரது?"

"கல்லு மாறுதுன்னேனே, காதுல வுழலியா?"

மச்சான் வண்டியோடு நாள் முழுக்க நின்று பார்த்தார். கிருஷ்ணம்மா போட்ட பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். முதல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்க ரைட்டர் வால்டர் நான்கு பக்கம் எழுதினார். இந்தத் தடவை கப்பல் கரை சேர்ந்தது.

இதற்குப் பிறகு சின்னசாமி ஆசாரிக்கு அலுப்பே வரவில்லை என்று எழுதினால் அது தைல விளம்பரம். வந்தது. இருநூறு இருநூறுதான், இரும்பு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் அலுப்பு வந்த நாட்களில் அவர் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு கேஜில் ஏறிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார், சுவரைத் தடவிப் பார்ப்பார், கோவிந்தன் ஜம்பர் பிடிக்கிறபோது முகத்தைத் திருப்புகிறானா என்று பார்ப்பார். அவன் திருப்புவதை விட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு ஆசாரி மேலே வருவார்.

பங்குனி மாதம் பாதை நாற்பத்தெட்டாவது அடியைத் தொட்டது. கேப்டன் துரை சிவப்புக் கோடு போட்ட ரீஃப் அங்கே இருந்தது. அதில் தங்கம் இல்லை.